ஒரு வண்டிக்கு எட்டுத் துணி

இரவு பதினொரு மணி இருக்கும். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றிருந்தேன். மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்குகள். என் காரின் நிறம் கருநீலம். விளக்கின் ஒளி பானட்டில் விழுந்த ஒவ்வொரு இடத்தையும் சுற்றி, சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தன. பகலில் நிழலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வெளிச்சத்தில் வண்டி முழுக்க அதுதான் தெரிந்தது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பத்து வருடம் காசு சேர்த்து வாங்கிய வண்டி. மனசு கனத்துப் போய்த்தான் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் விடியற்காலையில் வண்டிகளைத் துடைக்க வருகிறவர் செய்யாறு பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் பெரியவர். எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் காலை கீழே இறங்கிப் போய் அவரிடம் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, எப்படித் துடைக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“ஒரு பக்கெட் தண்ணிதான் சார் தர்றாங்க. அதுல எட்டு வண்டி முடிக்கணும். மூணாவது வண்டிக்கே தண்ணி கலங்கிடும். துணியும் ஒண்ணுதான். நான் என்ன சார் பண்றது?”

அவர் கையில் இருந்தது பழைய பனியன் துணி. என் அப்பாவும் தன் டி.வி.எஸ். 50-ஐ வாழ்நாள் முழுக்கப் பழைய பனியனால்தான் துடைத்தார். அண்ணன்மேல் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. எட்டு வண்டியின் மண்ணும் அந்த ஒரே துணியில் இருந்தது. எட்டாவதாக நின்றது என் வண்டி.

அது 2019. 2018-இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கோடையில் வற்றிக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் பகுதியோ எப்போதுமே லாரித் தண்ணீரை நம்பி இருப்பது. குழாய் பிடித்து வண்டி கழுவக் கூடாது என்று குடியிருப்பில் அறிவிப்பு ஒட்டினார்கள். சரியான முடிவு. சாதாரண ரப்பர் குழாயில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் 150 லிட்டர். ஒரு குடும்பம் குளித்துத் துவைக்கும் தண்ணீர் அது. அப்படிப்பட்ட நாட்களில்தான் ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற முறையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழுவிவிட்டு அலசத் தேவையில்லாத கரைசல் இது. இந்த வகையில் பலரும் அறிந்த பெயர் அமெரிக்காவின் ஆப்டிமம் நோ ரின்ஸ். அதில் ஒரு பங்குக்கு 256 பங்கு தண்ணீர். அதாவது 8 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 31 மில்லி. நுரை கிட்டத்தட்ட வராது. கரைசலில் உள்ள பாலிமர்கள் மண் துகளைச் சுற்றிக்கொள்கின்றன, துகளுக்கும் பெயின்டுக்கும் நடுவில் வழுவழுப்பான ஒரு படலமாக நிற்கின்றன. ஈரத் துணியால் மெல்ல இழுத்தால் துகள் துணிக்குள் ஏறிக்கொள்ளும். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது.

சாதாரண ஷாம்பு வாஷில் குழாய்த் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போய்த் தரையில் தள்ளிவிடும். ரின்ஸ்லெஸ் வாஷில் அந்தத் தண்ணீர் இல்லை. ஆகவே வண்டியில் இருக்கும் அழுக்கு மொத்தமும் போய்ச் சேருகிற இடம் நம் கையில் இருக்கும் துணிதான். எந்தக் கரைசல் நல்லது என்று ஆளாளுக்கு மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, ஓரளவு நல்ல கரைசல் எதுவானாலும் போதும். வண்டியின் பெயின்ட் பிழைப்பதும் கெடுவதும் துணியில்தான் இருக்கிறது. இதை நான் தெரிந்துகொள்ள ஒரு கதவைக் கீற வேண்டியிருந்தது.

முதலில் நான் வாங்கியது வாஷ் மிட். கையுறை மாதிரி கையை உள்ளே நுழைத்துக்கொள்வது. வெளிப்பக்கம் முழுக்க விரல் விரலாகத் தொங்கும் ஷெனீல் வகை. பார்ப்பதற்கு அவ்வளவு மென்மை, முகத்தில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கும். ஒரு பக்கெட்டில் கரைசல், இன்னொரு பக்கெட்டில் அலசும் தண்ணீர். கதவு, பானட் மாதிரி ஒரு பகுதியை, அதாவது ஒரு பேனலைத் துடைப்பது, அலசுவது, திரும்பக் கரைசலில் முக்குவது, அடுத்த பேனல். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நாலாவது வாரம் டிரைவர் பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு நேராக ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டவில்லை. ஆனால் வெயிலில் தெரிந்தது.

அன்று மாலை மிட்டைக் குளியலறைக்கு எடுத்துப் போய், ஒரு வெள்ளைத் தட்டை வைத்து, குழாயடியில் ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கழுவினேன். தட்டில் மணல் சேர்ந்தது. நன்றாக அலசிவிட்டோம் என்று நினைத்திருந்த மிட் அது. ஷெனீல் விரல்களின் அடிவாரத்தில், தைத்திருக்கும் இடத்தில், துகள்கள் சிக்கிக்கொண்டு இருந்தன. பக்கெட்டில் நாலு முறை ஆட்டினால் வெளியே வருவதில்லை. அழுத்திப் பிழியும்போது சில வெளியே வரும், சில மேல்பரப்புக்கு வந்து அங்கேயே நிற்கும். எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டடம் எழுப்புகிறார்கள். காற்றில் பறப்பது சாதாரணத் தூசி இல்லை, சிமென்டும் மணலும். மணலில் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் அது 7. கத்தியின் எஃகையே கீறக்கூடியது. நம் வண்டியின் மேல்பூச்சான கிளியர் கோட்டின் தடிமனோ பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. அதன்மேல்தான் அந்த மணலை வைத்து இழுத்திருக்கிறேன்.

மிட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. பிறகுதான் புரிந்தது. கை உள்ளே போய்விட்டால் விரல்கள் தாமாகவே மடங்கி அழுத்தும். ஐந்து விரல் நுனியிலும் ஐந்து அழுத்தப் புள்ளிகள். துணியை நாலாக மடித்து, உள்ளங்கையை விரித்து மேலே வைத்தால் அழுத்தம் பரவிவிடும். உண்மையில் அழுத்தவே வேண்டாம், துணியின் ஈர எடையே போதும். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது பாட்டிமார் கையை எப்படி வைப்பார்களோ, அந்தக் கை.

சரி, என்ன மாற்று என்று தேடியபோது கிடைத்ததுதான் பல துணி முறை. கேரி டீன் என்ற அமெரிக்க டீடெய்லரின், அதாவது வண்டிகளை நுணுக்கமாகச் சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்டவரின், பெயரில் வழங்குகிறது. கேட்க மிக எளிமையானது. ஒரே பக்கெட். அதில் கரைசல். அதற்குள் எட்டு, பத்து மைக்ரோஃபைபர் என்ற நுண்ணிழைத் துணிகளை முதலிலேயே ஊறப்போட்டுவிட வேண்டும். ஒன்றை எடுத்து, லேசாகப் பிழிந்து, நாலாக மடித்துத் துடைக்க வேண்டும். ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பி அடுத்த பக்கம். எல்லாப் பக்கமும் முடிந்தால் அந்தத் துணி தனியாக ஒரு கூடைக்குப் போய்விடும். அழுக்கான துணி மறுபடி பக்கெட்டுக்குள் போகக் கூடாது. இந்த ஒரு விதியில்தான் முழு முறையும் நிற்கிறது. கடைசித் துணியை எடுக்கும்போதும் பக்கெட் தண்ணீர் முதல் துணிக்கு இருந்த தெளிவோடு இருக்கும். அண்ணனின் பக்கெட் மூன்றாவது வண்டியிலேயே கலங்கியதை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் குறையாக இருந்தது தண்ணீர் இல்லை, துணி.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 40-க்கு 40 செ.மீ. துணியை இரண்டு முறை மடித்தால் 20-க்கு 20 செ.மீ. சதுரம் வரும். விரித்தும் திருப்பியும் மடித்தால் ஒரு துணியில் எட்டுச் சுத்தமான முகங்கள். ஆறு துணிக்கு 48. ஒரு ஹேட்ச்பேக் காருக்கு ரூஃப், பானட், நான்கு கதவு, நான்கு ஃபெண்டர், டிக்கி, இரண்டு பம்பர் என்று எண்ணினால் பதின்மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முகங்களுக்கு மேலேயே கிடைக்கிறது. மிட்டில் மொத்தம் இரண்டே முகம். நான் வைத்துக்கொள்வது எட்டு: வண்டியின் உடம்புக்கு ஆறு, கண்ணாடிக்கு ஒன்று, கதவுகளுக்குக் கீழே சேறு தெறிக்கும் பகுதிக்கு ஒன்று. சக்கரத்துக்கு இதில் எதுவும் கிடையாது. அதற்குப் பழைய துணிகள் வேறாக உண்டு.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் நிறைய நேரம் செலவழித்தேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மைக்ரோஃபைபர் என்றாலே நல்லது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பாலியெஸ்டரையும் நைலானையும் சேர்த்து ஒரே இழையாக இழுத்து, பிறகு அந்த இழையைப் பல கீற்றுகளாகப் பிளக்கிறார்கள். ஆரஞ்சுப் பழச் சுளைகளைப் போல அது பிரியும். அந்தப் பிளவுகளுக்குள்தான் தண்ணீரும் தூசியும் போய் உட்காரும். பிளக்காத இழையில் செய்த துணியும் மைக்ரோஃபைபர் என்ற பெயரிலேயே கடைக்கு வருகிறது. கண்டுபிடிப்பது சுலபம். மேசையில் ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றி, துணியால் ஒரே இழுப்பு இழுங்கள். உறிஞ்சிக்கொண்டால் நல்லது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனால் வேண்டாம். இன்னொன்று, நல்ல துணி நம் உள்ளங்கையின் சொரசொரப்பில் மெல்லப் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு அந்த உணர்வு பிடிக்காது, உடம்பு கூசும். அந்தக் கூச்சம்தான் இங்கே நல்ல அடையாளம்.

அடுத்தது ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பது இது. கார் உதிரிப் பொருள் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் கைக்குட்டை கனம்கூட இல்லாத ஒரு துணியை 800 ஜி.எஸ்.எம். என்று காட்டினார்கள். அன்றிலிருந்து வீட்டுச் சமையலறைத் தராசில் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். 40-க்கு 40 செ.மீ. துணியின் எடையை 6.25-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வந்துவிடும். 64 கிராம் இருந்தால் 400. 60-க்கு 90 செ.மீ. அளவுள்ள பெரிய துண்டை 1200 ஜி.எஸ்.எம். என்று விற்றால் அது 648 கிராம் இருக்க வேண்டும். அரைக் கிலோவுக்கு மேல். கையில் தூக்கினாலே தெரிந்துவிடும்.

எந்த எடை வேண்டும்? கழுவுவதற்கு 350-லிருந்து 500 வரை என்பது என் அனுபவம். அதற்குக் கீழே போனால் இழைகளின் உயரம் போதாது. துகள் உள்ளே இறங்க இடமில்லாமல் பெயின்டுக்கும் துணிக்கும் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். பனியன் துணியின் குறையும் இதுதான். பஞ்சு மென்மையானதுதான், ஈரோட்டு ஈரிழைத் துண்டைப் போல உடம்புக்கு இதமான துணி உண்டா? ஆனால் தட்டையான துணியில் மணலுக்கு ஒளிய இடமில்லை. 600-க்கு மேலே போனாலோ துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும். நாலாக மடித்தால் கையில் நிற்காது, பிழிந்தால் கை வலிக்கும், அப்புறம் அந்தக் கனமே பெயின்டின்மேல் அழுத்தமாக மாறும். விலை அதிகம் என்பதால் எட்டு வாங்க வேண்டிய இடத்தில் மூன்றோடு நின்றுவிடுவோம். எனக்கு 400 சுற்றுவட்டாரமே பொருத்தமாக இருக்கிறது. ஒரு பக்கம் நீள இழை, மறுபக்கம் குட்டை இழை என்று வருவதும் நல்லதுதான். ஆனால் கழுவ நீளப் பக்கம் மட்டுமே ஆகும் என்பதால் எட்டு முகக் கணக்கு நாலாகக் குறைந்துவிடும்.

பாலியெஸ்டர், நைலான் விகிதம் 80-க்கு 20-ஆ, 70-க்கு 30-ஆ என்று பெரிதாகப் பேசுவார்கள். நைலான் கூடினால் கொஞ்சம் மென்மையும் உறிஞ்சும் தன்மையும் கூடும், உண்மைதான். ஆனால் அட்டையில் அச்சடித்திருக்கும் அந்த எண்ணை நாம் வீட்டில் சரிபார்க்க முடியாது. தண்ணீர்ச் சோதனையும் தராசும் நம் கையில் இருக்கின்றன. நான் அவற்றைத்தான் நம்புகிறேன்.

ஓரத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். துணியின் நடுப்பகுதி எவ்வளவு மென்மையாக இருந்தாலும், சுற்றி முரட்டு நூலால் ஓவர்லாக் அடித்திருந்தால் கீறுவது அந்த ஓரம்தான். ஓரம் தைக்காமல் வெட்டி விட்ட துணிகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. இந்த வேலைக்கு அவையே நல்லவை. லேபிள் தைத்திருந்தால் தையலைப் பிரித்து முழுசாக எடுத்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் மிஞ்சும் அடிக்கட்டை இன்னும் கூர்மையாக நிற்கும். வீட்டில் பழைய சி.டி. ஒன்று இருந்தால் அதன் பளபளப்பான பக்கத்தில் துணியின் ஓரத்தை வைத்து நாலு முறை தேய்த்துப் பாருங்கள். அதில் கோடு விழுந்தால் அந்தத் துணியை மிதியடி துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

வாங்கி வந்ததும் ஒரு முறை துவைத்த பிறகே வண்டியில் வைக்க வேண்டும். புதுத் துணியில் பஞ்சு உதிரும், சாயமும் போகும்.

இனி, துடைப்பது. துணியைத் தொடுவதற்கு முன்னால், கையால் அடிக்கும் 2 லிட்டர் ஸ்ப்ரே பம்பில் அதே கரைசலை நிரப்பி, துடைக்கப் போகும் பகுதி முழுக்கச் சொட்டச் சொட்ட நனைக்கிறேன். ஒன்றிரண்டு நிமிடம் ஊறட்டும். காயக் கூடாது, அதனால் நிழலில்தான், வண்டி சூடாக இல்லாதபோதுதான். பிறகு துணியை வைத்து நேர்கோட்டில் ஒரே இழுப்பு. வட்டமாகத் தேய்க்கக் கூடாது, போன வழியே திரும்பி வரவும் கூடாது. முடிவில் துணியை மெல்லச் சுருட்டினாற்போலத் தூக்கிவிட வேண்டும். மேலிருந்து கீழே: ரூஃப் முதலில், பம்பரின் அடிப்பகுதி கடைசியில். முக்கால் மணி நேரம் ஆகிறது. மொத்தத் தண்ணீர் 10 லிட்டர். துடைத்த துணிகளைத் துவைக்கும் தண்ணீர் தனி. அதையும் சேர்த்தால்கூட குழாய்க்குப் பக்கத்தில் வராது.

துடைத்த வண்டியின் ஈரத்தை எடுத்துக் காய வைக்கும் துணி வேறு ஜாதி. அதற்குக் கனம் வேண்டும். முறுக்கு இழை வைத்த பெரிய துண்டு ஒன்று போதும், முழு வண்டிக்கும் வரும். அதை இழுக்கக் கூட வேண்டாம். விரித்துப் போட்டு மேலே தட்டி எடுத்தாலே உறிஞ்சிவிடும். எங்கள் பகுதியின் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். துளிகளை அப்படியே காய விட்டால் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழும். அதனால் ஒரு பேனல் துடைத்ததும் உடனே அதைக் காயவைத்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறேன்.

இவ்வளவு சொன்னதால் மிட்டே வேண்டாம் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கும்பகோணம் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக் கொல்லையில் கை பம்பு இருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போகும்போது வாளி வாளியாக ஊற்றி, மண் முழுக்க இறங்கிய பிறகு ஷாம்பு போட்டு மிட்டால் தேய்ப்பேன். அங்கே மிட் அருமையாக வேலை செய்கிறது, ஏனென்றால் பெரிய துகள்கள் எல்லாம் முன்பே தண்ணீரோடு போய்விட்டன. மிட்டைத் தாராளமாக அலசவும் முடிகிறது. பண்டிகை முடிந்து வண்டியில் காய்ந்திருக்கும் சந்தனத்தையும் குங்குமத்தையும் மட்டும் யாரும் உலர்ந்தபடி துடைத்துவிடாதீர்கள். அதுவும் ஒரு பொடிதான். நனைத்து ஊறவிட்டு எடுங்கள்.

ஆட்டு ரோமத்தில் செய்த மிட்டும் இருக்கிறது, மென்மைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் சென்னைப் புழுக்கத்தில் அது காய்வதற்குள் நாற்றம் வந்துவிடுகிறது. ஸ்பாஞ்சில், கடைகளில் விற்கும் மஞ்சள் நிறத் தட்டை ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம். துகள் அதன் முகத்திலேயே நின்றுவிடும். ரின்ஸ்லெஸ் வாஷுக்கென்றே ஆப்டிமம் செய்யும் பெரிய சிவப்பு ஸ்பாஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுகள் இருக்கும், துகள் அந்த வெட்டுகளுக்குள் இறங்கும். தினமும் துடைத்து, லேசான தூசி மட்டும் படிகிற வண்டிக்கு அது சரியாக வரும். எங்கள் கட்டுமானத் தூசிக்கு நான் அதைத் துணிந்து பயன்படுத்த மாட்டேன்.

மழைக்காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் போய்வந்து கதவெல்லாம் சேறு அப்பியிருக்கும்போது எட்டுத் துணியும் உதவாது, இருபது துணியும் உதவாது. அன்றைக்குச் சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போய், “தண்ணீர் மட்டும் அடியுங்கள், துணி வைக்காதீர்கள்” என்று சொல்லி அழுத்தத் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து, வீட்டில் மீதியைச் செய்கிறேன்.

துணிகளைப் பேணுவது பாதி வேலை. நம் வீடுகளில் பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் வேறு எதையும் வைக்க மாட்டோம் இல்லையா, அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும். பெயின்டுக்கு வெளிர் நிறம், சக்கரத்துக்குக் கருநிறம், இரண்டும் ஒரே வாளியில் ஊறவே கூடாது. துடைக்கும்போது கீழே விழுந்த துணி எவ்வளவு புதிதாக இருந்தாலும் அன்றே சக்கரக் கூட்டத்தில் சேர்ந்துவிடும். என் மனைவிக்கு இது முதலில் வீண் செலவாகத் தெரிந்தது. தரையில் ஒரு முறை ஒற்றி எடுத்த துணியை வெயிலில் பிடித்துக் காட்டினேன். இழைகளுக்குள் மினுமினுவென்று மணல். அதற்கப்புறம் அவளே எடுத்துத் தனியாகப் போட்டுவிடுகிறாள்.

வாஷிங் மெஷினில் போடும்போது நீர்ம டிடர்ஜென்ட் கொஞ்சமாக. தூள் போட்டால் உப்புத் தண்ணீரில் சரியாகக் கரையாமல் இழைகளில் தங்கிவிடுகிறது. வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கி கூடவே கூடாது, அது இழைகளைப் பூசி மூடிவிடும், துணி உறிஞ்சாது. பிளீச்சும் வேண்டாம், நைலான் கெடும். பருத்தித் துணிகளோடு சேர்த்துப் போட்டால் அவற்றின் பஞ்சையெல்லாம் இது வாரிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள். மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டு ஒரு தடவை நான் ஏமாந்தேன், பக்கத்து மனையின் சிமென்ட் தூசியெல்லாம் அதன்மேல்தான். இப்போது வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே காய்கின்றன. காய்ந்ததும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில்.

பானட்டில் இருந்த பழைய சிலந்தி வலையை பாலிஷ் செய்து எடுக்க வைத்தேன். பாலிஷ் என்பது கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான், அதனால் அடிக்கடி செய்ய முடியாது. கதவின் கோடு முழுசாகப் போகவில்லை. அதற்கப்புறம் வந்த இத்தனை வருடங்களில் புதிதாக ஒரு வலை விழவில்லை. எப்போதாவது அதே பெட்ரோல் பங்குக்கு இரவில் போனால் இறங்கி நின்று பார்க்கிறேன்.

அண்ணனுக்கு அப்போதே ஒரு டஜன் துணி வாங்கிக் கொடுத்தேன். முதலில் தயங்கினார். எட்டு வண்டிக்கும் என் வண்டிக்குச் செய்வது போலச் செய்ய அவருக்கு நேரம் இல்லை, அது நியாயம். நாங்கள் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரு வண்டிக்கு இரண்டு துணி, பக்கெட்டில் கரைசல், துடைத்த துணி திரும்ப உள்ளே போகாது, தினமும் துடைக்காமல் வாரம் இரண்டு முறை. வெறும் தூசியை உலர்ந்த துணியால் தட்டும் பழக்கத்தை அடியோடு நிறுத்தியாயிற்று. பிற வீட்டுக்காரர்களிடம் நானும் போய்ப் பேசினேன். ஐந்து பேர் ஒப்புக்கொண்டு துணிக்கும் கரைசலுக்கும் பங்கு போடுகிறார்கள். மற்ற இருவருக்குத் தினமும் துடைக்காவிட்டால் காசு வீண் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அவர்கள் வண்டிகளையும் அவர் விட்டுவிடவில்லை, கடைசியில் தனித் துணியால் துடைக்கிறார்.

போன வாரம் கீழே போனபோது பார்க்கிங் சுவர்மேல் துடைத்து முடித்த துணிகளை வரிசையாகப் போட்டிருந்தார். நான் வாங்கிக் கொடுத்தவற்றில் சில சாம்பல் நிறம், சில இளமஞ்சள். ஒரு மஞ்சள் துணியை விரித்து, ஒவ்வொரு மடிப்பிலும் அழுக்கு எங்கெங்கே ஏறியிருக்கிறது என்று எனக்குக் காட்டினார்.

“சார், அடுத்த தடவை ஜி.பி. ரோடு போனா எல்லாமே மஞ்சள்லயே வாங்கிட்டு வாங்க. சாம்பல்ல எந்தப் பக்கம் முடிஞ்சுதுன்னு தெரிய மாட்டேங்குது.”